பத்தாவது கருப்பர்

என் மாமா திருடச் சொல்லி அனுப்பியதால்தான் நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. இதைச் சொன்னால் வீட்டில் முகத்தைச் சுளிக்கிறார்கள். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்கிறார்கள். ஆள் செத்துப்போனால் அவர் திருடச் சொன்னது இல்லையென்று ஆகிவிடுமா? நடந்ததைச் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அறந்தாங்கியில் குடியிருந்தார். பஸ் கண்டக்டர். எங்கள் ஊர் குடுமியான்மலைக்குப் பக்கம். வீட்டில் நாங்கள் ஐந்து பிள்ளைகள், நான் மூன்றாவது பெண். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் கிடையாது. மேலே படிக்கட்டும் என்று சொல்லி என்னை மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சாப்பாட்டுக்கு ஒரு வாய் குறையட்டும் என்பதற்குத்தான் அந்தப் படிப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். மாமா வீட்டில் பிள்ளைகள் இல்லை. இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். எனக்கு மூன்று வேளையும் சோறு கிடைத்தது, இரண்டு பாவாடை கிடைத்தது. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை.

மாமாவுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. வெள்ளிக்காசுப் பைத்தியம். அதிலும் ஒரே ஒரு ராஜாவின் காசுதான் வேண்டும். அவர் பஸ் காலையில் புறப்பட்டு மணமேல்குடி வழியாக ஜெகதாப்பட்டினம் வரை போகும். மத்தியானத்துக்கு மேல்தான் திரும்பும். ஒருநாள் அங்கே ஏறிய மீன்காரர் ஒருவர், டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லை, இதை வைத்துக்கொண்டு மிச்சம் கொடு என்று ஒரு கறுத்த வில்லையை நீட்டியிருக்கிறார். நம் ரூபாயைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம். மாமா அதைப் படிக்கட்டில் போட்டுப் பார்த்தார். வெள்ளியின் சத்தம். துடைத்துப் பார்த்தால் கிரீடம் வைத்த ஒரு ஆள், முறுக்கிய மீசை, தோளில் சாய்த்த வாள், கழுத்தைச் சுற்றி இடியாப்பத்தைப் பிழிந்து வைத்ததுபோல ஒரு துணி. மறுபக்கம் கேடயம். கேடயத்துக்குள் கழுகும், குதிரை மேல் வாளை ஓங்கிக்கொண்டு ஒருவனும்.

மாதம் ஒருமுறை அந்த பஸ்ஸில் போகும் பாதிரியார்தான் சுற்றியிருந்த எழுத்தைப் படித்துச் சொன்னார். அது லத்தீனாம். ஆள் போலந்து தேசத்து ராஜாவாம். முந்நூறு வருஷத்துக் காசு. டச்சுக்காரன் கப்பலில் வந்திருக்கும், கப்பல் முழுகியிருக்கும் என்றாராம். இவ்வளவு அபூர்வமான காசு இந்தப் பக்கத்தில் எவனிடமும் இருக்காது என்றும் சொல்லிவிட்டார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மாமாவுக்குத் தலையில் ஏறிவிட்டது.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. வலையில் பாறைபோல ஒரு கட்டி வந்திருக்கிறது. உடைத்தால் உள்ளே பத்துக் காசு. படகில் போனவர்கள் ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு. மாமா இரண்டு வருஷம் அந்தப் பத்துக் காசின் பின்னால் அலைந்தார். ஒன்றைப் பத்தர் உருக்கப் போகிற நேரத்தில் தட்டிப் பறித்தார். ஒன்றைக் கருவாட்டுக்காரி எடைக்கல்லாக வைத்திருந்தாள், அவளுக்கு நல்ல எடைக்கல் வாங்கிக் கொடுத்து அதை வாங்கினார். ஒன்றுக்குத் தன் புதுக் குடையைக் கொடுத்துவிட்டு அந்த மழைக்காலம் முழுக்க நனைந்தார். இப்படி ஒன்பது சேர்ந்தது. ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சு போட்டு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் துண்டை விரித்து, ஒன்பதையும் வரிசையாக அடுக்கி, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பார்.

அத்தை அடுப்படியிலிருந்து கேட்பாள்: "ஒம்பது பேருக்கும் எண்ணெ தேச்சாச்சா? வெந்நி வைக்கவா?"

"இன்னொருத்தன் வர வேண்டியதிருக்கு. சேத்து வையி" என்பார் மாமா.

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அத்தை சிரித்து நான் பார்த்ததில்லை.

பஸ் டிரைவரும் விடமாட்டார். ஜெர்மனிக்காரன் போலந்தைப் பிடித்துவிட்டான் என்று பேப்பரில் வந்திருந்த சமயம் அது. "ஏ மாப்ள, ஒன் ராசா ஊரு போயிருச்சாம்ல. டப்பாவ நல்லாப் பூட்டி வையி. ஹிட்லரு அறந்தாங்கிக்கு வந்தாலும் வந்துருவான்" என்பார். மாமாவுக்கு அது கேலியாகப் படாது. "ஊருதான் போச்சு மச்சான். ராசா எங்கிட்டப் பத்திரமா இருக்காரு" என்று நெஞ்சைத் தட்டிக்கொள்வார்.

பத்தாவது காசுதான் சிக்கல். அது ஜெகதாப்பட்டினத்தில் இரண்டு வயதுப் பொடியன் ஒருவனின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. அவனுக்கு முன்னால் பிறந்த மூன்றும் போய்விட்டன. இவன் பிறந்த வாரத்தில் அவன் அப்பன் வலையில் அந்தக் கட்டி வந்திருக்கிறது. அவன் அம்மா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். மீசை இருக்கிறது, வாள் இருக்கிறது, பின்னால் குதிரையும் இருக்கிறது. வேறு யாராக இருக்க முடியும்? கருப்பரேதான். கடலுக்குள்ளிருந்து தன் பிள்ளையைக் காக்க எழுந்து வந்திருக்கிறார். வளையம் வைத்துக் கட்டிவிட்டாள். பிள்ளை தங்கிவிட்டது.

மாமா ஐந்து முறை போய்க் கேட்டார். ரூபாய் தருகிறேன் என்றார். முழு வெள்ளியில் அரைஞாண் செய்து தருகிறேன் என்றார். அது கருப்பர் இல்லை, போலந்து ராஜா என்று பாடம்கூட நடத்தினார். அவள் ஒரே கேள்வியில் அடித்துவிட்டாளாம்: "கண்டக்டரய்யா, புள்ளையக் காக்குற சாமிய யாராச்சும் வெலைக்குக் குடுப்பாகளா?"

சரி என்று விட்டிருக்க வேண்டும். மாமா விடவில்லை. தன்னிடமிருந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு அறந்தாங்கிப் பத்தரிடம் போனார். நானும் கூடப் போனேன். பத்தர் கணவாய் மீனின் வெள்ளை ஓடு ஒன்றை எடுத்து இரண்டாக அறுத்து, தேய்த்துச் சமமாக்கி, நடுவில் காசை வைத்து அமுக்கினார். பிரித்தால் இரண்டு பக்கமும் ராஜா பதிந்திருந்தார். அதில் வெள்ளியை உருக்கி ஊற்றி அதேபோல ஒன்று எடுத்து, வளையமும் வைத்துக் கொடுத்தார்.

"மீச கொஞ்சம் மழுங்கிருச்சு கண்டக்டரே. பரவால்ல, ராசாவுக்கு வயசாயிருச்சுன்னு நெனச்சுக்கிருவாக" என்றார் பத்தர்.

புதுக்காசு பளபளவென்றிருந்தது. மாமா விளக்குக் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்துப் பூசி அதைக் கறுப்பாக்கினார். பிறகு என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டுத் திட்டத்தைச் சொன்னார். நான் பொடியனோடு விளையாட வேண்டும். விளையாடுகிறபோதே கயிற்றை அவிழ்த்து, பழையதைக் கழற்றிக்கொண்டு புதியதை மாட்டிவிட வேண்டும்.

"திருடச் சொல்றீகளா மாமா?"

"சீச்சீ. வெள்ளிக்கு வெள்ளி மாத்துறதுக்குப் பேரு திருட்டா, ஆத்தா? பாக்கப் போனா நம்ம வெள்ளிதான் சுத்தம்."

"அப்ப நீங்களே போயி மாத்துங்க."

"ஆம்பள போயி பச்சப்புள்ள இடுப்பத் தடவுனா ஊரே சேந்து ஒதைக்கும்."

எனக்குக் கடலைப் பார்க்க ஆசையாக இருந்தது. சரி என்றேன். அத்தையிடம் கடல் பார்க்கக் கூட்டிப் போவதாக மட்டும் சொன்னார். அத்தை எனக்கு எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னி, புளிச்சோறு கட்டிக் கொடுத்து, தண்ணிக்குள்ள எறங்கிறாத, எறங்கிறாத என்று பஸ் நகரும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடல் என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன். அலையே இல்லை. எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்தால் எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடந்தது. நாற்றம் மட்டும் கூடுதல். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எரிச்சலாக இருந்தது. மாமா டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு கையைக் காட்டினார். நான் போனேன்.

கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் பொடியன் உட்கார்ந்து மண்ணைத் தின்றுகொண்டிருந்தான். உடம்பில் துணியில்லை. காசு அவன் தொப்புளை மறைத்துக்கொண்டு தொங்கியது. கொஞ்சம் தள்ளி அவன் அம்மா நெத்திலியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் முறுக்கைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். முடிச்சில் கை வைத்தேன். உப்பில் ஊறிய கயிறு, நகம் ஏறவில்லை. குனிந்து பல்லால் கடித்தேன். அவன் என் காதைக் கடித்தான். நான் போட்ட கூச்சலில் காகமெல்லாம் பறந்தது.

அவன் அம்மா ஓடிவந்தாள். "ஏ பாப்பா, எம் புள்ள இடுப்புல என்னாத்த நோண்டுற? கையில என்னா?"

கையை விரித்தேன். பஸ் முழுக்க அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்ததில் கரியெல்லாம் என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. கை அடுப்பு மாதிரி இருந்தது, காசு கண்ணைப் பறித்தது. மாமாவின் மூளை அவ்வளவுதான். எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. காது வேறு எரிந்தது.

"எங்க மாமா மாத்திட்டு வரச் சொன்னாரு. கண்டக்டரு."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் புதுக்காசை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"எதுக்காம்? உருக்கி விக்கவா?"

"இல்ல. டப்பால வச்சிருப்பாரு. ஏற்கெனவே ஒம்பது இருக்கு."

"ஒம்பது கருப்பரா!"

"கருப்பரு இல்ல. போலந்து ராசா."

"ராசா எதுக்குக் கடலுக்குள்ள வந்து கெடக்குறாரு?" என்றவள், ஏதோ கணக்குப் போடுவதுபோல என்னைப் பார்த்தாள். "ஒங்க மாமனுக்கு எத்தன புள்ள?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு பொறந்துச்சாம். செத்துப்போச்சு."

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட பாவி மனுசா! இத மொத நாளே வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? ராசாங்கிறாரு, ரூவாங்கிறாரு. ஒம்பதயும் டப்பால போட்டு மூடி வச்சா எப்புடிப் புள்ள தங்கும்? இடுப்புல கட்டணும்ல! இந்த ஆம்பளைகளுக்கு என்னா தெரியும்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை. என்னால் அவிழ்க்க முடியாத முடிச்சை ஒரே நிமிஷத்தில் அவிழ்த்தாள். முதலில் புதுக்காசைக் கயிற்றில் கோத்தாள். பிறகுதான் பழையதைக் கழற்றினாள். இரண்டையும் பொடியன் கைக்குள் வைத்து மூடி, கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். புதுக் கருப்பரைப் பிள்ளைக்குப் பழக்கிவிடுகிறாளாம். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. அவள் பொடியனின் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பழைய காசை என் கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "இது புள்ளையத் தாங்குன காசு. ஒங்க அத்த கைல குடு. மாமங்கிட்டக் குடுக்காத, டப்பால போட்டுருவாரு. வெளங்குச்சா?"

விளங்கியது என்று தலையாட்டிவிட்டு ஓடினேன்.

மாமா டீக்கடை வாசலிலேயே என் விரலைப் பிரித்துப் பிடுங்கிக்கொண்டார். எப்படிக் கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சோடா வாங்கிக் கொடுத்தார், பக்கோடா வாங்கிக் கொடுத்தார், காதில் ஏன் ரத்தம் என்று மட்டும் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மணமேல்குடியில் ஏறிய இரண்டு பேருக்கு டிக்கெட் கொடுக்கவே மறந்துவிட்டார். டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்னா மாப்ள, ராசாவுக்குப் பட்டாபிசேகமா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கை கால்கூடக் கழுவவில்லை. துண்டை விரித்து அடுக்கினார். பத்து. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு அவரைத் திட்ட வாய் வருவதில்லை. அவ்வளவு சந்தோஷம். அத்தை சோறு போட்டாள். சாப்பிடுகிறபோது மாமா அத்தையிடம் பெருமை பேச ஆரம்பித்தார்.

"ஒன் மருமக லேசுப்பட்ட ஆளில்ல. புள்ள இடுப்புலேருந்து புள்ளைக்கே தெரியாம எடுத்துட்டு வந்துட்டா. என்னா கைவேல!"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நான் திருடியா? கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன்.

"நான் ஒண்ணும் திருடல. அந்தம்மாதான் அவுத்துக் குடுத்துச்சு. அத்தைக்குப் புள்ள தங்கலன்னு சொன்னேன், குடுத்துச்சு. அத்தைட்டத்தான் குடுக்கச் சொன்னுச்சு. டப்பால வைக்கக் கூடாதாம். இடுப்புல கட்டணுமாம்."

மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அத்தை என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். எழுந்து போய்க் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, துண்டின்மேல் குனிந்து, பத்தாவதாக இருந்த காசை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அது எது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். அதில்தான் வளையம் இருந்தது.

மாமா மிச்ச ஒன்பதையும் எடுத்து டப்பாவில் போட்டு மூடினார். எனக்கு அவர்மேல் அப்படியொரு வெறுப்பு வந்தது. இரண்டு வருஷம் அலைந்து, குடையைக் கொடுத்து, மழையில் நனைந்து, என்னைக் காதில் கடி வாங்கவைத்துச் சேர்த்த காசு. பொண்டாட்டி எடுத்துக்கொண்டு போகிறாள். ஏன் எடுத்தாய் என்று கேட்க வாயில்லையா?

"கேளுங்க மாமா" என்றேன்.

"சோத்தத் தின்னுத்தா" என்றார்.

மறுநாள் காலையில் சிலேட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். அத்தை கூப்பிட்டாள்.

"இங்கிட்டு வா."

அவள் கையில் புதுக் கறுப்புக் கயிறு இருந்தது. அதில் அந்தக் காசு கோத்திருந்தது. மண்டிபோட்டு உட்கார்ந்து, என் பாவாடை நாடாவுக்குக் கீழே கயிற்றைச் சுற்றினாள். குளித்த ஈரம் காயாத வயிற்றில் காசு சில்லென்று பட்டது. நான் நெளிந்தேன்.

"எனக்கு எதுக்கு? நான் என்னா பச்சப்புள்ளையா? பள்ளிக்கூடத்துல சிரிப்பாக."

"ஆடாம நில்லு."

"அந்தம்மா புள்ளைக்குக் கட்டத்தான் குடுத்துச்சு."

"அதத்தான் செய்யிறேன். நில்லுடி."

மாமா டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். போகாமல் பார்த்துக்கொண்டே நின்றார். இப்போதாவது கேட்பார் என்று நினைத்தேன்.

"ரொம்ப இறுக்கிறாத. வளர்ற புள்ள" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. உண்மையைச் சொன்னதற்கு இதுதான் தண்டனையா? காசை டப்பாவில் வைத்தால் அத்தைக்குப் பிடிக்காது. அத்தை வைத்துக்கொண்டால் மாமாவுக்குப் பிடிக்காது. இரண்டு பேரும் ராத்திரி பேசி வைத்துக்கொண்டு, பொதுவாக இருக்கட்டும் என்று கேட்பாரில்லாத என் இடுப்பில் கட்டிவிட்டார்கள். தொலைந்தால் என்னை உதைக்கலாம். என் அம்மா வீடாக இருந்தால் இப்படிச் செய்வார்களா? பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே நடந்தேன். காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் அந்தக் கனம் வயிற்றில் இடித்துக்கொண்டே வந்தது.